கதவில் ஒட்டிய காகிதம்

கடன் வழக்குகள் பல சாட்சிக் கூண்டை எட்டும் முன்பே முடிந்துவிடுகின்றன. பிரதிவாதியின் பெயரைக் கூப்பிடுவார்கள், யாரும் வரமாட்டார்கள், வழக்கு ‘எக்ஸ்பார்ட்டி’, அதாவது ஒருதலைத் தீர்ப்பு, ஆகிவிடும். வராதவருக்கு வழக்கு நடப்பது தெரியுமா என்பதே இங்கு எழ வேண்டிய முதல் கேள்வி.

சம்மனை உரியவரிடம் சேர்ப்பதை நீதிமன்ற மொழியில் ‘சார்பு செய்தல்’ என்பார்கள். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5ஆம் கட்டளை இதற்குப் படிப்படியாக வழி சொல்கிறது. முதலில் நேரில் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் உடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. வாங்க மறுத்தாலோ, தேடியும் ஆள் கிடைக்காவிட்டாலோ கதவில் ஒட்டலாம். அப்படி ஒட்டிய அமீனா (சம்மனைக் கொண்டு சேர்க்கும் நீதிமன்ற ஊழியர்), வீட்டை அடையாளம் காட்டியவர் யார், உடனிருந்து பார்த்தவர் யார் என்றெல்லாம் எழுதித் தர வேண்டும். கடைசி வழி பத்திரிகை விளம்பரம்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. இது இல்லாவிட்டால், கதவைச் சாத்திக்கொண்டே ஒருவர் வழக்கை முடக்கிவிடலாம். ஓய்வூதியப் பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்து ஏமாந்தவரும் வாதிதானே?

ஆனால் இத்தனை படிகளும் அமீனாவின் அறிக்கை என்ற ஒற்றைத் தாளை நம்பி நிற்கின்றன. குடிபெயர்ந்தவரின் பழைய வீட்டுக் கதவில் ஒட்டினாலும் ‘சார்பு ஆனது’ என்றே பதிவாகலாம். அமீனாவின் அறிக்கை உறுதிமொழியோடு வராவிட்டால் நீதிமன்றம் அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்கிறது அதே 5ஆம் கட்டளையின் 19ஆம் விதி. அந்த விசாரணை சடங்காகிப்போனால் பிரதிவாதிக்கு வேறு காவல் இல்லை.

இழப்பு சிறியதன்று. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் கெடு புதிதாகத் தொடங்கும். அந்த வரவும் கையெழுத்தும் பொய் என்றால், அதைச் சொல்லக்கூடியவர் கடன் வாங்கியவர் மட்டுமே. அவர் வராதபோது காகிதம் சொல்வதே உண்மையாகிவிடுகிறது.

பரிகாரம் இருக்கிறது. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் அவகாசம் உண்டு. சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். பத்திரிகை விளம்பரத்தை இதற்கு முறையான சார்பாகக் கொள்வதில்லை. இது சட்டத்தின் பெருந்தன்மை. ஆனால் ஜப்திக்கு ஆள் வந்து நிற்கும்போது தீர்ப்பை அறிபவருக்கு, அந்தப் பெருந்தன்மை தாமதமாகவே வந்து சேர்கிறது.

பிரதிவாதிகளின் தவறையும் சொல்லியாக வேண்டும். சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நிற்காது; மறுத்தாலும் சார்பானதாகவே கொள்ளப்படும். எதிருரைக்கு 30 நாள். காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். 37ஆம் கட்டளைப்படி வரும் சுருக்க வழக்கிலோ 10 நாளுக்குள் முன்னிலையாக வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று ஒதுங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு.

இவையெல்லாம் சம்மனின் முதல் பக்கத்திலேயே எளிய தமிழில் இருக்க வேண்டும்: என்ன வழக்கு, எந்த நாள் வாய்தா, வராவிட்டால் என்ன ஆகும், இலவச வக்கீல் எங்கே கிடைப்பார். கதவில் ஒட்டும்போது நேரத்தோடு ஒரு புகைப்படமும் கட்டாயமாக வேண்டும். இவற்றால் வாதிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தகவல் தெரிந்தும் வராதவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது நீதி. தெரியவே தெரியாதவருக்கு எதிராகச் சொல்வதை அப்படி அழைக்க முடியாது.