வசைச்சொல்லும் அகராதி மேற்கோளும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936, அநுபந்தம் 1939) சொற்பொருட்குச் சான்றாக ஒரு சிறு தொடரையும் நூற்பெயரையும் எண்ணையும் தரும் மரபினது. பிற சொற்கட்கு இம்முறை போதும். வசைச்சொற்கட்குப் போதாது என்பது நம் கருத்து.

மணிமேகலையின் 13 ஆம் காதையை நோக்குவோம். வேள்விப் பசுவை மீட்டுச் சென்ற ஆபுத்திரனை மறையோர் மறித்துப் 'புலை' என்னும் சொற்பட வைது கோலால் அடிக்கின்றனர். அச்சொல் மறையோர் கூற்று. சாத்தனார் கூற்று அன்று. அங்ஙனம் வையப்பட்டோன் பின்னர்ப் பெற்ற அமுதசுரபியே, மணிமேகலை கைப்பட்டு, மழையின்றி வாடிய காஞ்சி மாநகரத்தாரின் பசியைத் தீர்த்தது. இத்தொடர்பை அறுத்து வசையை மட்டும் மேற்கோளாக்கின், வைதார் மறைந்து காப்பியமே வைதது போலாகும்.

புறநானூற்று 82 ஆம் பாட்டின் நிலை வேறு. ஆண்டு 'இழிசினன்' என்பது புலவர் வாய்மொழியே. ஆயினும் கட்டில் பின்னும் அவனது ஊசியின் விரைவே பெருநற்கிள்ளியின் போர்விரைவுக்கு உவமையாகின்றது. (காஞ்சித் தறியில் நாடா ஓடக் கண்டோர்க்கு இவ்வுவமையின் அருமை எளிதில் விளங்கும்.) தாழ்வு சொல்லில் உளது, வசைநோக்கம் பாட்டில் இல்லை.

இவ்விரண்டையும் ஒருதன்மையவாக அடுக்குதல் பொருந்தாது. 'மறையோர் கூற்று' என இரு சொற் சேர்த்தல் அகராதிக்குப் பெருஞ்சுமையன்று. அகப்பாட்டுகட்குக் கூற்று வகுத்துக் காட்டியது நம் முன்னோர் மரபே.