விசுவாசமும் இல்லறமும்: கிறித்தவத் தமிழ் எழுத்தில் மனைவியும் தாயும்

தமிழுக்குக் கிறித்தவம் அளித்த கொடைகளைப் பற்றிப் பேசுவோர் அகராதி, அச்சு, உரைநடை, நாவல் என்பனவற்றையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். அவற்றின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயின், ஒரு சமயம் ஒரு மொழியில் வேரூன்றியதா என்பதை அறிதற்கு இவை மட்டும் போதா. அச்சமயத்தைச் சார்ந்த ஒரு பெண் விடியலில் அடுப்பு மூட்டுவது முதல் இரவிற் பிள்ளைகளை உறங்கவைப்பது வரை தன் விசுவாசத்தை எவ்வாறு வாழ்கின்றாள் என்பதை அம்மொழியின் இலக்கியம் எழுதியிருக்கின்றதா என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவைச் சில நூல்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்வு கல்முனைக் கரையோரத்தில் நின்று செய்யப்படுகின்றது. அதற்கான காரணம் கீழே கூறப்படும்.

முதலில் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளுதல் நலம். பாத்திர வார்ப்பிற் குணத்தைக் கூறுதல் வேறு, தீர்மானத்தைக் காட்டுதல் வேறு. ஒருத்தி பொறுமையுடையாள், கற்புடையாள், பக்தியுடையாள் என அடுக்கிச் செல்வது குணங்கூறலாகும். இரண்டு கடமைகளுள் ஒன்றையே நிறைவேற்ற இயலும் என்ற நெருக்கடியில் அவளை நிறுத்தி, எதனைத் தேர்ந்தாள், அதற்கு என்ன விலை கொடுத்தாள் என்று காட்டுவது தீர்மானத்தைக் காட்டுதலாகும். அன்றாட விசுவாசம் என்பது இத்தகைய சிறு சிறு தீர்மானங்களின் தொகுதியேயாம். ஆதலின், தீர்மானங்களைக் காட்டாத இலக்கியம் அவ்விசுவாசத்தைக் காட்டியதாகாது.

இனி, கல்முனையைத் தேர்ந்தமைக்கான காரணத்தை நோக்குவோம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய முஸ்லிம் ஊர்களும் பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் இங்கே தோளோடு தோள் சேர்ந்து கிடக்கின்றன. இவற்றினூடே கிறித்தவர் சிறு தொகையினராக வாழ்கின்றனர். 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிற் கால்வைத்ததோடு தொடங்கிய மெதடிஸ்தப் பணி, அந்நூற்றாண்டிலேயே கல்முனையிலும் பாடசாலை அமைத்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும் (1892–1947) இளமையிற் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிற் கற்றவரே.

இக்கரையோரத்தின் தனித்தன்மை அதன் குடும்ப அமைப்பிலே தங்கியுள்ளது. குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. திருமணமான ஆண், மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வதே வழக்கம். சைவர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் இவ்வழக்கு வேரூன்றியுள்ளது. அக்கரைப்பற்றிற் கள ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வரே 2008இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். இச்சூழலிலேதான் இங்குள்ள கிறித்தவக் குடும்பங்களும் வாழ்கின்றன. மனைவி கணவன் வீடு புகுகின்றாள் என்ற எடுகோளின்மீது எழுந்த போதனையும் இலக்கியமும், கணவன் மனைவி வீடு புகும் ஒரு நிலத்தில் எவ்வாறு பொருள்படும்? இதுவே கல்முனை நம்முன் வைக்கும் வினா.

கிறித்தவத் தமிழ்க் காப்பியங்களுள் தலையாயதாகிய தேம்பாவணியை முதலில் எடுத்துக்கொள்வோம். வீரமாமுனிவர் (1680–1747) 3615 செய்யுட்களில் யாத்த இந்நூலின் தலைவர் சூசையப்பர். ஓர் இல்லறத்தானைத் தலைவனாகவும் ஒரு தச்சன் குடிலைக் களமாகவும் கொண்ட காப்பியம் என்ற வகையில் இது போற்றத்தக்கது. ‘ஈரறம் பொருத்து படலம்’ என்ற தலைப்பே முனிவரின் நோக்கத்தைப் புலப்படுத்தும். இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரே வீட்டிற் பொருத்திக் காட்ட அவர் முயல்கின்றார். அதனையடுத்து ‘ஐயந்தோற்று படலம்’ வருகின்றது. தான் அறியாத கருப்பத்தைக் கண்ட கணவனின் உள்ளக் கொந்தளிப்பே அதன் பொருள். ஆனால், அங்கே விரித்துரைக்கப்படுவது கணவனின் கலக்கமே. வாய்திறந்து விளக்கினால் நம்பப்படுவோமா எனத் தெரியாத நிலையில் மௌனத்தைத் தேர்ந்துகொண்ட மனைவியின் தீர்மானம், அவளுடைய குணமாகவே நின்றுவிடுகின்றது.

இதற்குக் காரணமுண்டு. ஸ்பானிய நாட்டு ஆகிரதா நகரத்துக் கன்னித் துறவி மரியாள் (1602–1665) எழுதிய நூலே முனிவருக்கு முதன்மையான ஆதாரங்களுள் ஒன்று. எழுதியவர் ஒரு கன்னித் துறவி, அதனைத் தழுவிப் பாடியவர் ஒரு குருவானவர். இருவரும் இல்லறத்தை வெளியே நின்று வணங்கியவர்கள். அவ்வணக்கத்தின் உயர்வு காப்பியத்திற்குப் பெருமை சேர்த்தது. அடுப்பின் புகை மட்டும் அதனுள் வரவில்லை.

அடுத்து, இல்லறத்தாரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) நோக்குவோம். முன்சீப் பதவி வகித்து, வீட்டு வழக்குகளையும் நாட்டு வழக்குகளையும் நேரிற் கண்டவர் அவர். 1869இல் ‘பெண்மதி மாலை’யை வெளியிட்டுப் பெண்கல்விக்காக வாதாடினார். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் முதல் தமிழ் நாவலில் ஞானாம்பாளைப் படைத்தார். ஞானாம்பாள் தீர்மானிப்பவள் என்பதில் ஐயமில்லை. ஆண்வேடத்தில் அரசாளும் அளவிற்கு அவளது மதி செல்கின்றது. எனினும் இரு செய்திகள் சிந்திக்கத்தக்கன. ஒன்று, கிறித்தவரான ஆசிரியர் தம் நாயகியைக் கிறித்தவக் குடும்பத்திற் பிறப்பிக்கவில்லை. மற்றொன்று, அவளுடைய ஆற்றல் முழுமையாக வெளிப்பட அவள் மனைவியின் உடையைக் களைந்து ஆணின் உடையை அணிய வேண்டியிருந்தது. மனைவியாக இருந்துகொண்டே ஆளும் பெண்ணை எழுத, அவள் வாழ்ந்த சமூக அமைப்பு இடந்தரவில்லை. கல்முனைக் கரையில் வீட்டுக்கு உரியவளாக இருக்கும் பெண்ணிற்கு இவ்வேடம் தேவைப்பட்டிராது என்று எண்ணத் தோன்றுகின்றது.

பெண்களே எழுதியபோது நிலைமை மாறுகின்றது. திருநெல்வேலிக் குருவானவர் ஜான் தேவசகாயத்தின் மகளாகிய அன்னாள் சத்தியநாதன், சென்னையில் வீடுவீடாகச் சென்று பெண்களுக்குக் கற்பித்தவர், 1878இல் மறைந்தார். குழந்தை வளர்ப்புப் பற்றி ‘நல்ல தாய்’ என்னும் சிறுநூலைத் தமிழில் எழுதினார். அது போதனை நூலே ஆயினும், அதனை எழுதியவர் ஒரு தாய் என்ற அளவிலேயே கிறித்தவத் தமிழ் உரைநடை வரலாற்றில் அதற்குத் தனியிடமுண்டு. அவருடைய மகன் சாமுவேலை மணந்தவரே கிருபாபாய் (1862–1894). அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. அந்நாவலில் என்னைப் பெரிதும் கவர்வது தாய் ராதாவின் பாத்திரமாகும். கணவன் கிறித்தவனாகின்றான், அவளோ தன் பிராமண ஆசாரத்தை விட்டகலாதவளாய் அவனோடு வாழ நேர்கின்றது. அவள் மனம் மாறக் காலமெடுக்கின்றது. நம்பாத ஒன்றை நம்புகின்றவனோடு நாள்தோறும் வாழ்வதன் வேதனையை அவள்வழி உணர்கின்றோம். குணத்தைக் கடந்து தீர்மானத்தைத் தொட்ட எழுத்து இது. அது தமிழில் முதலில் எழுதப்படாதது நமக்கு நேர்ந்த இழப்பு.

இனி, இவ்வெழுத்துக்களுக்கெல்லாம் மூலமாகிய விவிலியத்தையே இக்கரையிலிருந்து வாசித்தல் வேண்டும். மாமியைப் பின்தொடர்ந்து அவளுடைய ஊருக்குச் சென்ற ரூத்தின் வரலாறு, மருமகளுக்கு முன்மாதிரியாகப் பிரசங்கங்களிற் கூறப்படுவது. மகள் தாயின் வளவை விட்டகலாத கல்முனையில் அது வேற்றூர்க் கதையாகவே ஒலிக்கும். ஆனால், நீதிமொழிகளின் 31ஆம் அதிகாரத்திலே வயலை ஆராய்ந்து வாங்கித் தன் உழைப்பின் பயனால் தோட்டம் நாட்டுகின்ற பெண், வயற்காணியைச் சீதனமாகப் பெற்ற இக்கரைப் பெண்ணுக்கு நெருங்கிய உறவினள். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என எழுதிய அதே பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரமும் ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கே விசுவாசம் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்து மகனிடம் வந்ததாகக் குறிக்கப்படுகின்றது. தந்தை கிரேக்கன் என்பது அப்போஸ்தலர் நடபடிகளால் அறியப்படும். மட்டக்களப்புத் தமிழிற் சொல்வதானால், தீமோத்தேயுவின் விசுவாசம் தாய்வழிக் குடியாக வந்தது. இவ்வசனத்தின் முழுப்பொருளையும் உரையாசிரியர்களைக் காட்டிலும் இக்கரைத் தாய்மார் எளிதில் உணர்வர்.

இதனாற் கிழக்கிலங்கைப் பெண்ணின் நிலை குறையற்றது என்று கொள்ளுதல் தவறாகும். வீடு மகளுக்குரியது என்பதன் மறுபக்கம், மகளுக்கு வீடு கட்டியே ஆகவேண்டும் என்பதாகும். அச்சுமை இன்று பல தாய்மாரை மத்திய கிழக்கு நாடுகளின் வீட்டு வேலைக்கு அனுப்பியுள்ளது. 2013இல் அரசாங்கம் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வேலைக்குச் செல்வதைத் தடைசெய்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் அருகிலிருப்பவளே நல்ல தாய் என்று போதனை நூல்கள் கூறும். மகளின் வீட்டிற்காகப் பிள்ளையைப் பிரிந்து, அயல்நாட்டுச் சமையலறையில் நின்று மனத்துக்குள் செபிக்கின்றவளை அவை எந்த அத்தியாயத்திற் சேர்க்கும்? அவளைக் குறை கூறுவதும் எளிது, தியாகி எனப் புகழ்வதும் எளிது. இரண்டுமே குணங்கூறல்தான். அவள் கணக்குப் பார்த்த இரவை எழுதுவதே இலக்கியத்தின் பணியாகும்.

மற்றொரு தீர்மானமும் எழுதப்படக் காத்திருக்கின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் மாண்டனர். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் நிகழ்ந்த வெடிப்புக்களில், தாக்குதலுக்குக் காரணமானோரின் உறவினருடன் குழந்தைகளும் மடிந்தனர். அதன் பின்னர் வந்த நோன்பு மாதத்தில், அயல்வீட்டு முஸ்லிம் தாய் வேலிக்கு மேலாக நீட்டும் கஞ்சிக் கோப்பையை வாங்குவதா மறுப்பதா என்ற வினா ஒரு கிறித்தவத் தாயின் முன் நின்றிருக்கக்கூடும். கோப்பையை நீட்டுவதா என்ற தயக்கம் மறுபுறத்துத் தாயிடமும் இருந்திருக்கக்கூடும். அயலானை நேசித்தல் என்ற கட்டளைக்கு அவ்வேலியடியில் அளிக்கப்படும் விடையே அன்றாட விசுவாசம். அதனை எழுதுபவர் பிரசங்கியாக இருத்தலாகாது. அச்சத்தையும் கோபத்தையும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

இக்கரை முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தொகுத்துக் காத்துள்ளனர். பெயரறியாத பெண்களின் ஆசையும் ஏக்கமும் அவ்வாறு நமக்குக் கிடைத்துள்ளன. கிறித்தவத் தாயரின் தாலாட்டும் செபமும் சாட்சியமும் அத்தகைய தொகுப்பாளரை இன்னும் எதிர்நோக்கி நிற்கின்றன. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் தத்தம் தாயிடமும் தாயின் தாயிடமும் கேட்டு எழுதத் தொடங்கினால், அப்பணி இவ்வாண்டே தொடங்கியதாகும். தேம்பாவணியின் செய்யுட் செறிவும் வேதநாயகரின் நகைச்சுவையும் நமக்கு மரபாக வாய்த்தவை. லோவிசாள் தன் மகளுக்கு அடுக்களையில் என்ன சொன்னாள் என்பதை எந்த நூலும் எழுதவில்லை. அதனைத் தமிழில் எழுதும் தகுதி, தாய்வீட்டில் வாழ்ந்து பழகிய கிழக்கிலங்கைக்கு உண்டு.