கொரிய நாடகங்களில் கடன்

கொரிய நாட்டுத் தொலைக்காட்சி நாடகங்கள் என்றதும் மூத்தோர் முகஞ்சுளிப்பதும் வீட்டுப் பெண்மக்கள் முகமலர்வதும் நம் இல்லங்கள் பலவற்றில் காணும் காட்சியாகிவிட்டது. செல்வச் செருக்குடைய வணிகக் குடும்பத்து வாரிசு ஒருவன் சலவைக் கடைக்காரரின் மகள்மீது காதல் கொள்ளும் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' (2009) போன்ற கதைகளை மட்டும் கண்டு தீர்ப்புரைப்போரை யான் குறைகூறேன். அவற்றில் வறுமை என்பது நாயகிக்குச் சில காலம் அணிவிக்கப்பட்ட ஆடை. ஆயினும் அந்நாட்டு நாடகங்களுள் வேறொரு வகை உண்டு. அங்கே வறுமைக்குத் தொகை உண்டு, தவணை உண்டு, அது எவர் கையிலிருந்து எவர் தலைக்கு வந்தது என்னும் வரலாறும் உண்டு. அந்த வரலாற்றின் பெயர் கடன்.

தமிழில் 'கடன்' என்னும் சொல் கொடுக்க வேண்டிய பணத்தையும் குறிக்கும். செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். அரபியிலோ கடனைச் சுட்டும் 'தைன்' என்பதும் மார்க்கத்தைச் சுட்டும் 'தீன்' என்பதும் ஒரே வேரெழுத்துகளைக் கொண்டவை. கொரிய மொழி யான் அறியேன். ஆனால் அந்நாடகங்களில் இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காண்கிறேன். மகள் தாயின் கடனைத் தீர்க்கிறாள். அது சட்டமா, கடமையா என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2016-இல் முடிவுற்ற 'ரிப்ளை 1988' என்னும் தொடரை நம்மவர் பலர் விரும்பிப் பார்த்திருப்பர். சியோல் நகரின் சங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்து. அதில் ஐந்து குடும்பங்கள். மாலையானால் ஒரு வீட்டுக் கறி மற்றொரு வீட்டுக்குப் பிள்ளைகளின் கைவழிச் செல்கிறது. அச்சந்தில் வாழும் சுங் டோங்-இல் வங்கி ஊழியர். அறிந்தவருக்காக ஜாமீன் கையெழுத்திட்டு, அந்தக் கடன் தம் தலையில் விழ, குடும்பத்தோடு பாதி நிலத்துக்குள் புதைந்த வீட்டில் குடியிருக்கிறார். பிறர் கடனைக் கணக்கெழுதும் வங்கியாளரே பிறர் கடனால் வீழ்ந்தார் என்பது நல்ல கற்பனை. ஆனால் ஆசிரியர் அதனை அங்கேயே விட்டுவிடுகிறார். வட்டி எவ்வளவு, கையெழுத்து வாங்கியவர் எங்கே போனார், இல்லத்தரசியார் அதனை மன்னித்தாரா என்னும் வினாக்களெல்லாம் பழைய பாட்டின் இசையிலும் கூட்டுச் சோற்றின் மணத்திலும் கரைந்து போகின்றன. பார்ப்பதற்கு இனிமை, கடன்பட்டோரின் நெஞ்சத்தை அறிய அது போதாது.

உலகெங்கும் பேசப்பட்ட 'ஸ்க்விட் கேம்' (2021) இதற்கு நேர்மாறு. இயக்குநர் ஹுவாங் டோங்-ஹியூக். கடனில் மூழ்கிய 456 பேர், 4,560 கோடி வொன் பரிசு, தோற்றோர்க்கு மரணம். இரத்தம் மிகுந்த இதனைச் சிறுவர் காணுதல் தகாது. ஆயின் இதன் இரண்டாம் பகுதியில் இரத்தம் குறைவு, உண்மை மிகுதி. முதல் ஆட்டத்தில் உயிர் பிழைத்த 201 பேரும் வாக்களிக்கின்றனர். நிறுத்துக என்போர் 101, தொடர்க என்போர் 100. ஆட்டம் நின்று எல்லாரும் வீடு திரும்புகின்றனர். அதன்பின் அவர்களுள் 187 பேர் எவரும் இழுக்காமலே மீண்டு வருகின்றனர்! வீட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தது எது என்பதைக் காட்டும் அந்த ஒரு பகுதியே இத்தொடரின் உயிர். பெரிய பல்கலைக்கழகத்தில் பயின்ற சாங்-வூ தன் தாயின் மீன்கடையை ஈடுவைத்துச் சூதாட்டம் போன்ற வணிகத்தில் இழந்திருக்கிறான். அத்தாயோ மகன் அயல்நாட்டில் உயர்பணியில் இருப்பதாக நம்பி அக்கம்பக்கத்தாரிடம் பெருமை பேசுகிறார். கடன் இங்கே மகனிடமிருந்து தாய்க்கு ஏறுகிறது.

நம் வாசகர்க்கு இத்தொடரில் நெருக்கமான பாத்திரம் பாகிஸ்தானியத் தொழிலாளி அலி. நடித்தவர் தில்லியைச் சேர்ந்த அனுபம் திரிபாதி, நன்கு நடித்துள்ளார். ஆறு மாதச் சம்பளம் வராமல், ஆலையில் விரல்களையும் இழந்த அவன் பிறர்க்குக் கடன்பட்டவன் என்பதினும், பிறர் அவனுக்குக் கடன்பட்டுள்ளனர் என்பதே பொருந்தும். 456 பேருள் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிவது இவனிடமே. சாங்-வூவை 'முதலாளி' என்று அழைக்கும் அவனிடம், 'ஹியோங்' என்று அழை என்கிறான் சாங்-வூ. காயல்பட்டினத்தார் 'காக்கா' என்றும் நாகூரார் 'நானா' என்றும் அழைக்கும் அதே உறவுச் சொல் அது. அச்சொல்லை நம்பியே அலி கோலியாட்டத்தில் வஞ்சிக்கப்படுகிறான். ஆங்கில உரையோடு மட்டும் பார்ப்போர்க்கு இவ்வஞ்சனையின் கூர்மை பாதிதான் விளங்கும்.

குறையொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அவன் பெயரை 'அலி அப்துல்' என்று தருகின்றனர். 'அப்துல்' என்பது முற்றுப்பெறாத சொல்; பின்னால் ஒரு பெயர் வந்தாலன்றிப் பொருள் நிறையாது. 'அப்துல் அலி' என்று மாற்றி வைத்தாலே உயர்ந்தோனின் அடியான் என்று பொருள் நிறைந்துவிடும். பெயரில் காட்டிய அசட்டை கதையிலும் தொடர்கிறது. முதற் பருவ இறுதியில் சாங்-வூவின் தாய்க்குப் பணப்பெட்டி போய்ச் சேருகிறது. ஆதரவற்ற சிறுவன் ஒருவனுக்கும் அடைக்கலம் கிடைக்கிறது. ஊருக்கு அனுப்பப்பட்ட அலியின் மனைவியையும் கைக்குழந்தையையும் எவரும் வினவவில்லை.

இவற்றினும் மேம்பட்டதாக யான் கருதுவது 2018-இல் வந்த 'மை மிஸ்டர்'. எழுதியவர் பார்க் ஹே-யோங், இயக்கியவர் கிம் வொன்-சோக். கட்டடங்களின் உறுதியைக் கணித்தறியும் நிறுவனம் ஒன்றில் தற்காலிக ஊழியர் ஜி-ஆன் என்னும் இளம்பெண். இரவில் உணவகத்தில் பாத்திரம் கழுவி, எஞ்சிய உணவை வீட்டுக்கு எடுத்துவருகிறாள். வாய்பேசாத, காதுகேளாத பாட்டி அவள் பொறுப்பில் இருக்கிறார். தாய் விட்டுச்சென்ற கடன் அவளைத் தொடர்கிறது. முன்னர் ஒருநாள் கந்துவட்டிக்காரன் பாட்டியை அடித்தபோது, சிறுமியாயிருந்த ஜி-ஆன் அவனைக் கொன்றுவிட்டாள். இப்போது அவன் மகன் குவாங்-இல் அவளை வதைக்கிறான். இளவயதில் அவளிடம் இரக்கம் காட்டியவன்தான் அவன். கடன்பட்டவளின் மகளும் கடன் கொடுத்தவனின் மகனும் தாம் செய்யாத ஒப்பந்தத்துக்கு வாரிசுகளாய் எதிரெதிரே நிற்கின்றனர். கந்துவட்டிக்காரனை வெறும் முரடனாகவே காட்டிப் பழகிய நாடக உலகில் இது அரிய நோக்கு.

அலுவலக மேலாளர் பார்க் டோங்-ஹூன் (நடித்தவர் 2023-இல் மறைந்த லீ சுன்-கியூன்) அவளுக்குப் பணம் வாரி வழங்குவதில்லை. பாட்டிக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்கிறார். வசிப்பிடப் பதிவைப் பிரித்துக்கொண்டால் கட்டணமின்றி முதியோர் இல்லத்தில் இடம் கிட்டுமே, இதனைச் சொல்லித்தர உனக்கு ஒருவரும் இல்லையா என்று வியக்கிறார். பதினாறு பகுதிகளிலும் என்னை அசைத்த இடம் இதுவே. கொரியச் சட்டப்படி இறந்தவரின் சொத்தோடு கடனும் வாரிசைச் சேரும். வேண்டாவெனின் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மறுத்தல் வேண்டும். அல்லது சொத்தின் அளவுக்கே தீர்ப்பேன் என வரம்பிட்டு ஏற்றல் வேண்டும். சிறுபிள்ளை இதனை எவ்வாறறியும்? இளவயதில் இவ்வாறு கடனேற்றோர் உரிய வயதடைந்தபின் வரம்பிட்டுக்கொள்ள வழிசெய்யும் திருத்தம் 2022 டிசம்பரில்தான் வந்தது. (இறந்தவர் விட்டதற்கு மேல் வாரிசின் கைப்பொருளைக் கடன் தொடாது என்பதைப் பாகப்பிரிவினை பயின்ற நம் மதரஸா மாணவர் தொடக்கத்திலேயே கற்பர்.)

பாட்டி இறக்கிறார். உறவினர் இல்லாத அந்த இறப்புக்கு டோங்-ஹூனின் அண்ணன் சாங்-ஹூன் வருகிறார். வேலையிழந்து, கடனாளியாகி, தாய்வீட்டில் ஒதுங்கியவர். ஒளித்துச் சேர்த்த பணத்தை எடுத்து மலர்வளையங்களுக்கும் வருவோரின் உணவுக்கும் செலவிடுகிறார். பேட்டையில் உள்ளோரெல்லாம் வந்து அமர்கின்றனர். ஊர் கூடி ஜனாஸா எடுக்கும் வழக்கமுடைய நமக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ஜி-ஆன் பணத்துக்காக டோங்-ஹூனின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் பகுதியைச் சிலர் ஏற்கமாட்டார்கள். எனக்கும் அதன் நீட்சி பிடிக்கவில்லை. மதுக்கடைக் காட்சிகளும் மிகுதி. பேட்டைக்காரர் சந்திக்கும் இடமே அதுதான். பிள்ளைகளுடன் அமர்ந்து காண்போர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று. முதல் நான்கு பகுதிகள் இருண்டு, மெதுவாகச் செல்லும். அதனால் பாதியில் விட்டவர்கள் மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம்.