ஆறும் தெய்வமும் தொழிலும்

இயற்கையின் வழியாக இறைவனையோ வாழ்வின் பொருளையோ தேடும் கவிதையை மதிப்பிடத் தொல்காப்பியம் பேசும் கருப்பொருள் என்ற கருத்து நல்ல அளவுகோலாக அமையும். ஒரு நிலத்துக்கே உரியவையாக அந்நூல் வகுக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவை அங்கே ஒரே நிரலில் நிற்கின்றன. தெய்வம் முதலில் வருகிறது, ஆயினும் நிரலுக்கு வெளியே நிற்பதில்லை. பக்தி இலக்கியத்தில் தெய்வம் நிரலைவிட்டு மேலெழ, முகிலும் மலையும் குயிலும் அதைச் சுட்டும் குறிப்புகளாகிவிடுகின்றன. இன்றைய கவிஞர் ஆற்றங்கரையில் நின்று பொருள் தேடும்போது பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியையே பின்பற்றுகிறார் என்பதும், அவ்வழியில் முதலில் விடுபடுவது தொழில் என்பதும் கவனிக்கத்தக்கவை.

இதைச் சோதித்துப் பார்க்க வாளையார்ப் பகுதி ஏற்றது. ஏனெனில் பாலக்காட்டுக் கணவாயின் இந்த எல்லையில் ஒரே நீரை இரு மொழிகள் பாடுகின்றன. 1964இல் அணை கட்டப்பட்ட வாளையாறு கல்பாத்திப் புழையோடு சேர்கிறது. ஆனைமலையிலிருந்து இறங்கும் ஆழியாறு எல்லையைக் கடந்து சித்தூர்ப் புழையில் கலக்கிறது. இரண்டும் பறளியில் கூடி, நிளா என்று கவிஞர்கள் அழைக்கும் பாரதப்புழையாகின்றன. அந்த நிளாவின் பெருங்கவியாக மலையாளிகள் போற்றுபவர் கொல்லங்கோட்டில் ஆசிரியராக இருந்த பி. குஞ்ஞிராமன் நாயர். தமிழிலோ, ஆழியாற்றங்கரையின் ஆத்துப்பொள்ளாச்சியில் பிறந்து, அந்த ஆற்றையும் அதன் மனிதர்களையும் ‘ஒரு கிராமத்து நதி’ என்ற தொகுப்பில் பாடிச் சாகித்திய அகாதமி விருது பெற்றவர் சிற்பி பாலசுப்பிரமணியம்.

குஞ்ஞிராமன் நாயரின் வலிமை, நம்பிக்கையைக் கொள்கையாகச் சொல்லாமல் புலன்களின் வழியே உணர்த்துவதில் இருக்கிறது. கோயில் விளக்கு, செண்டை ஒலி, ஓணத்து நிலவு, ஆற்றுமணல் ஆகியவை அவரிடம் உவமைகளாக மட்டும் நில்லாமல் வழிபாட்டின் உறுப்புகளாகவே ஆகின்றன. ‘களியச்சன்’ என்ற நெடுங்கவிதையில் கதகளி ஆசானைப் பிரிந்து சீரழியும் நடிகனின் துயரம், இறைவனைப் பிரிந்த உயிரின் துயரமாகவும் வாசிக்கப்படுவதற்கு இடம் தருவது இந்த முறையின் உச்சம். ஆனால் இதே முறை கடந்துபோன கோயில் கிராமத்தைக் குறையற்றதாகக் காட்டிவிடுகிறது. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று போற்றப்படும் விசுவநாதர் கோயில் படிகளில் இறங்கினால் தூய்மை தரும் அதே ஆறுதான் இருக்கிறது. அக்கோயிலைச் சூழ்ந்த அக்ரகாரத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1920களில் ஈழவச் சமூகத்தினர் போராட வேண்டியிருந்தது. ஆறு எல்லோருக்கும் தாய் என்று பாடும் கவிதை, அந்தத் தாயிடம் செல்லும் வழி யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்று கேட்பதில்லை. இது தனியொரு கவிஞரின் குறை என்பதைவிட, தெய்வத்தை நிரலுக்கு மேலே ஏற்றிவைக்கும் முறைக்கே உரிய குறை எனலாம்.

சிற்பியிடம் நிரல் ஓரளவு மீள்கிறது. அவருடைய ஆறு தத்துவம் பேசத் தொடங்கும்முன் ஊர் மனிதர்களின் பிழைப்புக்குப் பயன்பட்டுவிடுகிறது. எனவே பொருள்தேடலும் ஊருக்குள்ளேயே நடக்கிறது. 1971இல் கோவையில் தோன்றிய வானம்பாடி இயக்கத்தின் சமூக நோக்கு இதற்கு உதவியது. அவ்வியக்கத்தின் மீது பொதுவாகச் சொல்லப்படும் உரத்த குரல் என்ற குறை, சிந்தனைக் கவிதைக்குச் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும்: வாசகர் தாமாக அடைய வேண்டிய வியப்பைக் கவிஞரே அறிவித்துவிட்டால், சங்கப் பாடலின் உள்ளுறை, அதாவது நிலக்காட்சிக்குள்ளேயே மறைந்து நிற்கும் குறிப்புப்பொருள், இயங்குவதற்கு இடமே இருக்காது. (வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையில் ரயிலில் அடிபட்டு இறக்கும் யானைகள் இப்படியொரு உள்ளுறைக்காகக் காத்திருக்கின்றன, யானையைக் கம்பீரத்தின் உருவமாக மட்டுமே பயன்படுத்திப் பழகிய கவிதைக்கு இது எளிதன்று.)

இவ்வளவுக்கும் பிறகு, நம்பிக்கையை முற்றிலும் நீக்கிவிட்ட இயற்கைக் கவிதை மேலானதாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆற்றை ‘நீ’ என்று விளிக்கும் உரிமையைக் கவிதைக்குத் தந்ததில் பக்திக்கும் பங்குண்டு. அந்த விளி இல்லாவிட்டால் வற்றிய ஆற்றைப் பற்றிய பாட்டு நீர்வளத் துறையின் அறிக்கையாகவே எஞ்சும். சித்தூரில் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகக் கருதப்படும் மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சனின் நினைவோடு சேர்த்து அங்குள்ள புழைக்குச் சொல்லப்படும் பெயர் சோகநாசினி, துயரை அழிப்பவள். அந்தச் சோகநாசினிக்கு நீர் வருவதோ பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் அளந்துதான்: ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வறட்சி ஆண்டுகளில் சித்தூர் உழவர்கள் போராடிக் கேட்பது இந்த அளவைத்தான்.