சோல் ரீவர் 2: கதை தூக்கி நிறுத்தும் ஆட்டம்

‘லெகசி ஆஃப் கெய்ன்: சோல் ரீவர் 2’ 2001 அக்டோபர் 31 அன்று பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. அடுத்த மாதமே கணினிப் பதிப்பும் வந்தது. அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் உருவாக்க, ஐடோஸ் வெளியிட்டது. இயக்கியவர் ஏமி ஹென்னிக். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர்கள் இரண்டு விதமாகவே பேசி வருகிறார்கள். கதைக்கும் குரல் நடிப்புக்கும் இதை மிஞ்ச ஆளில்லை என்பது ஒரு பேச்சு. கையில் எடுத்து ஆடும்போது முதல் பாகத்தின் பாதிச் சுவைகூட இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஆள் சொல்வதும் உண்டு. 2024 டிசம்பர் 10 அன்று ஆஸ்பைர் நிறுவனம் சோல் ரீவரின் இரண்டு பாகங்களையும் மெருகேற்றி ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்த பிறகு, அந்தப் பேச்சைப் புதிய தலைமுறையும் ஆடிப் பார்த்துச் சரிபார்க்க முடிகிறது.

முதலில் கதைக்களம். நாஸ்காத் என்ற கற்பனை நாட்டில் இரத்தக்காட்டேரிகளின் பேரரசன் கெய்ன். அவனுடைய முதல் தளபதி ராசியேல். தலைவனுக்கு முன்பே ராசியேலுக்குச் சிறகு முளைத்துவிடுகிறது. கெய்ன் அந்தச் சிறகுகளின் எலும்புகளைப் பிய்த்தெறிந்து, அவனைச் சுழலும் ஏரியில் தள்ளவைக்கிறான். உடல் சிதைந்து, கீழ்த்தாடையும் இல்லாமல், ஆவிகளை உண்டு வாழும் பிறவியாக அவன் எழுந்து வந்து பழிதீர்க்கக் கிளம்புவது 1999இல் வந்த முதல் ‘சோல் ரீவர்’. அந்த ஆட்டம், ராசியேல் கெய்னைத் துரத்திக்கொண்டு காலவாசலுக்குள் நுழையும் இடத்தில் சட்டென்று நின்றுபோனது. கால நெருக்கடியில் பல பகுதிகளை வெட்டியதே காரணம். டுரெல் என்ற சகோதரனோடு நடக்க வேண்டிய மோதலே காணாமல் போனது. இரண்டாம் பாகம் அந்த வாசலின் மறுபக்கத்தில் தொடங்குகிறது.

மறுபக்கத்தில் பழிவாங்கும் கதை மெல்ல வேறொன்றாகிறது. ராசியேல் மூன்று காலங்களில் அலைகிறான். நாஸ்காத்தைத் தாங்கும் ஒன்பது தூண்கள் கெட்டுப்போகும் காலம், அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தைய காலம், காட்டேரிகளை வேட்டையாடிய சாராஃபன் வீரர்கள் வாழ்ந்த பழங்காலம். மூன்றிலும் அவனை யாராவது ஒருவர் தம் காரியத்துக்கு வளைக்கப் பார்க்கிறார்கள். காலத்தைக் காக்கும் மந்திரவாதி மோபியஸ், ஆவிகளைத் தின்று பிறப்பு இறப்புச் சுழற்சியை ஓட்டும் மூத்த தெய்வம், கெய்ன் மூவருமே பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்பதே ஆட்டத்தின் முதன்மையான புதிர். சுவரில் பதித்திருக்கும் புதிர்களை விட இது கடினம்.

தமிழ் ரசிகர்களுக்குக் காலப்பயணக் கதை புதிதல்ல. ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் கடந்த காலத்தில் ஒன்றைத் தொட்டால் நிகழ்காலம் மாறிவிடும். சோல் ரீவரில் வரலாறு அப்படி எளிதில் இடம்கொடுப்பதில்லை. யார் என்ன செய்தாலும் அந்தச் செயலையும் தன்னுள் இழுத்துக்கொண்டு பழைய தடத்திலேயே ஓடுகிறது. மிக அரிதாக, தீர்க்கவே முடியாத முரண் ஒன்று நேரும் இடத்தில் மட்டும் ஒரு விரிசல் விடுகிறது. கெய்ன் இதை ஒரு நாணயத்தை வைத்து விளக்குகிறான். எத்தனையோ முறை சுண்டினால் ஒரே ஒரு முறை அது விளிம்பில் நிற்கும், அந்த ஒரு முறைக்காகத்தான் காத்திருக்கிறேன் என்பது அவன் வாதத்தின் சாரம். ஊழின் வலிமையைச் சிலப்பதிகாரத்தில் படித்து வளர்ந்த வாசகருக்கு இந்த வாதத்தின் கனம் உடனே பிடிபடும்.

இந்த வசனங்கள் நிற்பது நடிகர்களால். ராசியேலாக மைக்கேல் பெல், கெய்னாக சைமன் டெம்பிள்மேன், மூத்த தெய்வமாக டோனி ஜே, மூதாதைக் காட்டேரி ஜானோஸ் ஆட்ரனாக ரெனே ஓபர்ஜானுவா. நாடக மேடைக்கான உச்சரிப்பு, இடம் பார்த்து விடும் மௌனம், சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கும் சுருதி எல்லாம் அன்றைய ஆட்டங்களில் அபூர்வம், இன்றும் அடிக்கடி கிடைப்பதில்லை. ஹென்னிக் பின்னர் நாட்டி டாக் நிறுவனத்துக்குப் போய் ‘அன்சார்ட்டட்’ தொடரை எழுதிப் புகழ்பெற்றார். ஆனாலும் அவர் எழுத்தின் உச்சம் இதுதான் என்று வாதிடும் ஆட்டக்காரர்கள் உண்டு. அந்த வாதம் மிகையல்ல. குறை சொல்பவர்கள், பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்று நெடுநேரம் பேசுகிறார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மை. ஒரு பெருங்காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆடுவதற்குக் கிடைப்பது சில வேளைகளில் ஒரு நடைபாதையும் நான்கு வீரர்களும்தான்.

சண்டையில்தான் கருத்து வேற்றுமை கூர்மையாகிறது. முதல் பாகத்தில் காட்டேரிகளை வெறுமனே அடித்துக் கொல்ல முடியாது. ஈட்டியால் குத்த வேண்டும், தீயில் எறிய வேண்டும், நீரிலோ வெயிலிலோ தள்ள வேண்டும். சூழலைக் கவனிப்பதே சண்டையாக இருந்தது. ராசியேலின் சகோதரர்களில் மெல்கயாவை அரைக்கும் இயந்திரத்தில் சிக்கவைப்பதும், சன்னல்களை உடைத்து ரஹாபின் மேல் வெயிலைப் பாய்ச்சுவதும் இன்றும் நினைவில் நிற்கும் மோதல்கள். இரண்டாம் பாகத்தின் எதிரிகளில் பலர் மனிதர்கள். வாள், கோடரி, ஈட்டி எதுவானாலும் வெட்டினால் விழுவார்கள். தடுப்பதும் விலகுவதும் தொடர்வெட்டும் முதல் பாகத்தை விடச் சீராக இயங்குகின்றன. ஆனால் யோசிக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஓடித் தப்பிவிடலாம் என்று தெரிந்த பிறகு பலர் நின்று சண்டையிடுவதே இல்லை.

ராசியேலின் ஆயுதமான ரீவர் வாளின் விதி மட்டும் நுட்பமானது. முதல் பாகத்தில் ராசியேல் அடிபட்டால் அவன் கையில் சுற்றியிருக்கும் ஆவிவாள் மறைந்துபோகும். இங்கே வேண்டும்போது அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாளால் கொன்றால் எதிரியின் ஆவியை வாளே விழுங்கிவிடும், ராசியேலுக்கு எதுவும் மிஞ்சாது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் வாள் வெறிகொண்டு அவன் உயிரையே உறிஞ்சத் தொடங்கும். வாளும் அவனும் ஒருவரையொருவர் தின்னும் உறவில் இருக்கிறார்கள் என்ற கதையின் கரு, கை விரல்களுக்கே புரியும்படி இங்கே அமைந்திருக்கிறது. இருள், ஒளி, காற்று, தீ என்று வாளுக்கு ஏற்றப்படும் ஆற்றல்கள் இந்த அளவுக்குக் கருத்தோடு ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய தடைகளைத் திறக்கும் சாவியாகவே பெரும்பாலும் பயன்படுகிறது. பருவுலகுக்கும் ஆவியுலகுக்கும் இடையே மாறி, சுவர்களும் தூண்களும் நெளிந்து புதுவழி காட்டும் அந்தப் பழைய அதிசயமும் இங்கே குறைவாகவே வேலைசெய்கிறது.

ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்ப நடக்க வைக்கிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் குறை. சாராஃபன் கோட்டை, தூண்கள், சதுப்புநிலம், வோரடோர் என்ற காட்டேரியின் மாளிகை, மலைக்கிராமம் என்று இடங்கள் கொஞ்சம்தான். இந்தக் குறையைப் பாதிதான் ஏற்க முடியும். நூறாண்டு கழித்து வரும்போது கோட்டை இடிந்து பேய்கள் திரிகின்றன. பழங்காலத்துக்குப் போனால் அதே மலைக்கிராமத்தில் பனி மூடியிருக்கிறது. ஓர் ஊரின் வயதை நடந்தே அறிய வைக்கும் இந்த முறை கதைக்கு உயிர் கொடுக்கிறது. சலிப்பூட்டுவது நிலம் அல்ல, அதே வழியில் மறுபடி மறுபடி முளைக்கும் எதிரிகள்.

முடிவுப் பகுதியைப் பேசாமல் இந்த ஆட்டத்தை மதிப்பிட முடியாது. கதையின் திருப்பம் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இறுதியில் ராசியேலின் கையில் உண்மையான ரீவர் வாளே வந்துசேர்கிறது. அது இருக்கும்வரை அவனுக்கு எதனாலும் அழிவில்லை. சாராஃபன் வீரர்களை ஒருவர் பின் ஒருவராக வெட்டி வீழ்த்தி, அவர்களில் ஒருவனாக, மனிதனாக வாழ்ந்த தன்னையே எதிர்கொள்கிறான். தோற்கவே முடியாத இறுதிச் சண்டை ஒரு சண்டையா என்று கோபப்பட்டவர்கள் பலர். ஆபத்தைப் பிடுங்கிவிட்டதுதான் அந்தக் காட்சியின் கொடுமை என்பது எதிர்தரப்பின் வாதம். விளைவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆட்டக்காரரின் விரல் அதை நிறைவேற்றத்தான் அழுத்துகிறது. இரண்டாவது தரப்பே சரி. இந்தப் பத்து நிமிடங்களில் மட்டும் கதையும் ஆட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. முழு ஆட்டமும் இப்படி அமைந்திருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது.

பெங்களூரில் இந்த ஆட்டத்தை மறுபடி பார்ப்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. எஸ்.பி. ரோட்டில் பாகங்களை வாங்கிக் கணினி கட்டி ஆடிய தலைமுறைக்குப் பிளேஸ்டேஷன் 2 எட்டாத பொருள். கணினிப் பதிப்பே வழி. நெதர்லாந்தின் நிக்ஸெஸ் நிறுவனம் உருவாக்கிய அந்தப் பதிப்பு, இன்றைய விண்டோஸில் ரசிகர்களின் ஒட்டுத்திருத்தங்கள் இல்லாமல் ஒழுங்காக ஓடுவதில்லை. இன்னொன்று, ஆட்டக்கலை இந்த ஊரின் தொழிலாகவும் ஆகிவிட்டது. 1997இல் ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், ‘ஃபோர்ஸா’ போன்ற வெளிநாட்டு ஆட்டங்களுக்குக் கலைவேலை செய்து வளர்ந்தது. 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கித் தன் பெங்களூர்க் கிளையோடு இணைத்துக்கொண்டது. உருவமைப்பும் மேற்பூச்சு ஓவியமும் செய்து பிழைப்பவர்கள் நிறைந்த ஊரில், ஒரு பழைய ஆட்டத்தை எப்படிப் புதுப்பிக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பதற்கு ஆஸ்பைரின் தொகுப்பு நல்ல பாடம்.

ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய காட்சியும் புதிய காட்சியும் அந்த இடத்திலேயே மாறுகின்றன. ராசியேலின் உடல், கெய்னின் முகம், கல்லின் சொரசொரப்பு எல்லாம் புதிய பதிப்பில் நன்றாகத் தேறியிருக்கின்றன. ஒளி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. சில இடங்களில் வெளிச்சம் கூடிவிட்டதால் பழைய மங்கலும் அதோடு சேர்ந்த அச்சமும் குறைகின்றன. இதனால் சதுப்புநிலத்தில் மட்டும் பழைய காட்சிக்கே மாறிக்கொள்ளும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அசல் உருவத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கும் இந்த நேர்மையை மெருகேற்றுபவர்கள் அனைவரும் பின்பற்ற வேண்டும்.

இன்றைய பழக்கத்துக்கு ஏற்ற கட்டுப்பாடு, வலக்கைக் குச்சியால் திரும்பும் கேமரா, வரைபடம், திசைகாட்டி ஆகியவை சேர்ந்திருக்கின்றன. வழி தெரியாமல் திண்டாடும் தொல்லை முதல் பாகத்தில் பெரிது. அங்கே இவை பேருதவி. இரண்டாம் பாகம் ஏறக்குறைய நேர்கோட்டுப் பயணம் என்பதால் தேவை குறைவு. அன்று வெட்டி எறிந்த அரைகுறைப் பகுதிகளையும் தனியே நடந்து பார்க்கும்படி கொடுத்திருக்கிறார்கள். சண்டையிலும் புதிர்களிலும் பெரிதாகக் கைவைக்கவில்லை. 2001இல் சொன்ன குறைகள் அப்படியே இருக்கின்றன. தமிழில் வசனவரி கிடையாது. ஆங்கில வரியைத் திரையில் ஓடவிட்டு ஆடுவது நல்லது. பழைய மேடை ஆங்கிலம் காதில் மட்டும் விழுந்தால் திருப்பங்கள் தவறிப்போகும்.

இந்தத் தொடரின் மேல் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பற்று வெறும் பழம்நினைவல்ல. 2003இல் ‘டிஃபையன்ஸ்’ என்ற அடுத்த பாகம் வந்த பிறகு கதை நெடுங்காலம் அங்கேயே நின்றது. ‘நாஸ்காத்’ என்ற பெயரில் பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டம் ஒன்று சோதனை நிலையிலேயே 2016இல் நிறுத்தப்பட்டது. கிரிஸ்டல் டைனமிக்ஸை எம்ப்ரேசர் குழுமம் வாங்கிய 2022இல் இந்தத் தொடர் பற்றி ரசிகர்களிடம் கருத்துக் கேட்டபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள்.

இனி வாங்கலாமா என்ற கேள்வி. சண்டைக்காக ஆட்டம் வாங்குபவருக்கு இது ஏற்றதல்ல. முதல் பாகத்தை ஆடாமல் இதைத் தொடங்குவதும் வீண். யார் யாருக்கு என்ன துரோகம் செய்தார் என்று தெரியாமல் பாதி வசனம் காற்றில் போகும். தொகுப்பில் இரண்டும் இருப்பதால் வரிசையாக ஆடுங்கள். இரண்டாம் பாகத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் போதும். நல்ல ஹெட்போன் அவசியம். சேமிக்கும் இடங்கள் குறிப்பிட்ட தூரத்தில்தான் வரும், அதனால் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் உட்கார வேண்டாம். கதைக்காக ஆட்டம் ஆடுபவர் எவரும் தவறவிடக் கூடாத படைப்பு இது.