‘அமரன்’: அழுதவர்களும் கேட்டவர்களும்

‘அமரன்’ படத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் பலரும் படத்தைப் பேசவில்லை. ஒரு சாரார் அழுதார்கள். இன்னொரு சாரார் அந்த மேஜரின் சாதியை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். மூன்றாவது சாரார் காஷ்மீர் முஸ்லிம்களை ஏன் இப்படிக் காட்டினீர்கள் என்று கேட்டார்கள். இந்த மூன்று கருத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு பட்டாளப் படத்தைவிடப் பெரிய படமொன்று தெரிகிறது. நம்மாட்கள் அதில் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்பதும் தெரிகிறது. அதனால்தான் படம் வந்த சூடு ஆறியபிறகும் இதை எழுதவேண்டியிருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. 44-ஆவது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் இறந்தார். அதே மோதலில் சிப்பாய் விக்ரம் சிங்கும் இறந்தார். 2015 குடியரசு தினத்தில் மேஜருக்கு அசோக சக்கரா விருது தரப்பட்டது. அவருடைய மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் வந்து வாங்கிக்கொண்டார். இந்த வாழ்க்கையை ராஜ்குமார் பெரியசாமி இயக்கத்தில் கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனமும் சோனியும் படமாக எடுத்தன. 2024 அக்டோபர் 31, தீபாவளிக்கு வந்தது. சிவகார்த்திகேயன் மேஜராகவும் சாய் பல்லவி மனைவியாகவும் நடித்தார்கள். ஓடு ஓடென்று ஓடியது.

முதலில் அழுதவர்கள். அவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. மறைமலைநகர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஒரு தம்பி சொன்னான்: “நம்ம ஆளு ஒருத்தன் மேஜராயி செத்துக்கீறான், அயாம இன்னாண்ணா பண்றது?” ‘நம்ம ஆளு’ என்றால் யார் என்று கேட்டேன். “தாம்பரம்ணா” என்றான். அவ்வளவுதான் அவனுடைய கணக்கு. ரயிலில் ஏழெட்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற ஊர். அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. எங்கள் தெரு சபையிலே பெண்கள் வேறொன்றுக்காக அழுதார்கள். கதையைச் சொல்கிறவள் ரெபேக்கா, புருஷன் செத்த சேதி கேட்டும் உடைந்துபோகாமல் நிற்கிறவள் ரெபேக்கா. “விசுவாசம் இருக்கிறவ அப்படித்தான் நிப்பா” என்றார் ஒரு அக்கா. சாய் பல்லவியின் நடிப்பு அந்த மரியாதைக்குத் தகுதியானது. படத்தில் உயிருள்ள பகுதி துப்பாக்கி வெடிக்கிற இடமல்ல. போனுக்காகக் காத்திருக்கிற அந்தப் பெண்ணின் முகம்தான்.

ஆனால் அந்த அக்காவிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டேன். தமிழ்ச் சினிமாவில் காதலிக்கப்படுகிற கிறிஸ்தவப் பெண் ஏன் அடிக்கடி கேரளத்து வீட்டிலிருந்தே வருகிறாள்? 2010-இல் வந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ஜெஸ்ஸியும் அப்படித்தான். படித்த வீடு, நல்ல சோபா, கண்டிப்பான அப்பா. இதில் ரெபேக்கா உண்மையாகவே மலையாளக் கிறிஸ்தவர். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொல்வது பார்வையாளர் மனசில் பதிந்துபோன கிறிஸ்தவத்தைப் பற்றி. அது சேரியில் இல்லாத கிறிஸ்தவம். ‘அமரன்’ படத்திலே அப்பா மறுப்பதற்குப் பெரிய காரணம் மாப்பிள்ளையின் பட்டாளத்து வேலை. மதம் பெரிய முட்டுக்கட்டையாக வரவில்லை. இந்து வீடும் கிறிஸ்தவ வீடும் இவ்வளவு சுலபமாகச் சம்பந்தி ஆக முடிகிறதென்றால், ரெண்டு வீடும் எந்தத் தளத்தில் சமமாக நிற்கின்றன என்று யோசிக்கவேண்டாமா? காலனியிலிருக்கிற ஒரு ரெபேக்காவை ஊர்த்தெருப் பையன் காதலித்தால் கதை வேறே மாதிரி போகும். தண்டவாளத்தில் முடிந்த கதைகளை நாம் பேப்பரில் படித்திருக்கிறோம். அக்கா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம்ம கதைக்கு எவன் டிக்கட் வாங்குவான்?” என்றார்.

அடுத்தது சாதியைக் கேட்டவர்கள். மேஜர் பிறப்பால் பார்ப்பனர், மனைவியின் கிறிஸ்தவ அடையாளத்தைக் காட்டிய படம் இவருடைய அடையாளத்தை மட்டும் ஏன் அழித்தது என்று அவர்கள் வாதம். இதற்கு இயக்குநர் பதில் சொன்னார். தமிழ் அடையாளம் கொண்ட நடிகர் நடிக்கவேண்டும் என்பது மனைவியின் வேண்டுகோள். தம்மை இந்தியன், தமிழன் என்று மட்டுமே முகுந்த் நினைத்தார், வேறு அடையாளம் வேண்டாம் என்பது பெற்றோரின் விருப்பம். அந்தக் குடும்பத்தின் விருப்பத்தை நான் மதிக்கிறேன். செத்துப்போனவர் தம்மை எப்படி நினைத்துக்கொண்டார் என்று சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. எனக்கு வேடிக்கையாக இருந்தது கேட்டவர்கள் வரிசைதான். ‘இப்பல்லாம் யார் சார் சாதி பாக்குறாங்க’ என்று வருஷம் முழுக்கச் சொல்கிறவர்கள், இடஒதுக்கீடு என்றால் ‘தகுதி’ என்று பேசுகிறவர்கள், வீரம் என்று வந்தவுடன் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். மலம் அள்ளப்போய்ச் செத்தவனுக்கு இவர்கள் எவரும் சாதியைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை.

பதில் சொன்னவர்களும் ஒன்றை விட்டுவிட்டார்கள். சாதி வேண்டாம் என்று எடுத்த படத்தில் சாதி எங்கேயும் ஓடிப்போகவில்லை. அது யூனிஃபார்மில் இருக்கிறது. மேஜர் முகுந்த் சேர்ந்தது ராஜ்புத் ரெஜிமெண்டில். பெயரே சாதிப் பெயர். அதன் போர் முழக்கம் பஜ்ரங்பலியின் பெயரால் எழுப்பப்படுவது. ஜாட், டோக்ரா, ராஜ்புத், மராத்தா, மகர் என்று இந்தியப் பட்டாளம் இன்னும் பிறப்பின் பெயரைத் தோளில் சுமக்கிறது. இதை வெள்ளைக்காரன் தொடங்கினான். சுதந்திர இந்தியா மூட்டை கட்டாமல் வைத்துக்கொண்டது. பாதுகாப்புப் படைகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடையாது. சாதியால் ஒதுக்கீடு கூடாது, சாதியால் ரெஜிமெண்ட் கூடும். தமிழன் என்ற சொல்லைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்த நம் முற்போக்குத் தோழர்களுக்கு இது கண்ணில் படவேயில்லை.

பட்டாளம் என்கிற சொல் நமக்குப் புதுசில்லை. கும்பினியின் மதராஸ் பட்டாளத்தில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பரங்கிமலை, பல்லாவரம் முகாம்களைச் சுற்றிச் சமையலுக்கும் குதிரைக்கும் சுமைக்கும் போனவர்கள், சிப்பாய்களாகப் போனவர்கள், பென்ஷன் வாங்கித் திரும்பியவர்கள் எல்லாம் நம் முன்னோர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்றொரு சித்தாந்தம் வந்தது. வடக்கே உயரமாக, சிவப்பாக, சாதியில் மேலாக இருப்பவன்தான் வீரன் என்றது. தெற்கத்தியான் சிப்பாய்க்கு லாயக்கில்லாதவன் ஆனான். அதிலும் தீண்டப்படாதவனுக்குக் கதவு முதலில் சாத்தப்பட்டது. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் இதேதான் நடந்தது. அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சுபேதார். அண்ணல் பிறந்ததே மாவ் பட்டாள முகாமில், 1891-இல். அந்தக் கதவு சாத்தப்படாமல் இருந்திருந்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். நம் பக்கம் மிச்சமிருந்த வாசல் மதராஸ் சாப்பர்ஸ் மட்டும்தான்: பாலம் கட்ட, குழி தோண்ட, கண்ணிவெடி எடுக்க. ‘தம்பிகள்’ என்று அவர்களுக்குப் பட்டாளத்தில் செல்லப்பெயர். அதில் பறையர்களும் கிறிஸ்தவர்களும் தொடர்ந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்துக் காலனிப் பெரியவர் ஒருவர் படம் பார்த்துவிட்டுச் சொன்னது: “எங்க தாத்தா பட்டாளத்துல பாலம் கட்னவரு. பாலத்து மேல போனவன் போட்டோதான் செவுத்துல மாட்டிக்கீது.” எந்த விமர்சகரும் இதைவிட நன்றாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கேள்வி கேட்டவர்கள்மீது படத்தை ரசித்தவர்கள் பாய்ந்தார்கள். காஷ்மீர் மக்களைக் கல்லெறிகிறவர்களாகவும் துப்பாக்கிக்காரர்களாகவும் மட்டுமே படம் காட்டுகிறது என்று எஸ்.டி.பி.ஐ. போன்ற அமைப்புகள் தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்டம் செய்தன. 2024 நவம்பரில் நெல்லை மேலப்பாளையத்தில் ஒரு தியேட்டர்மீது பெட்ரோல் குண்டு வீசியது மடத்தனம், அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அந்த ஒரு குண்டைக் காட்டி நியாயமான கேள்வியையும் வாய்மூடச் செய்ததைத்தான் சகிக்க முடியவில்லை. வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுகிற காக்கியை நாமும் பார்த்திருக்கிறோம். கொடியங்குளத்தில் 1995-இல் பார்த்தோம், தாமிரபரணியில் 1999-இல் பார்த்தோம். துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்து மட்டுமே உலகத்தைக் காட்டுகிற படத்தில், முன்பக்கம் நிற்கிறவனுக்கு முகம் கிடைக்காது. அந்த முகமற்றவனைப் பார்த்து நம் பையன்கள் விசிலடிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தாம்பரத்தான் நம்ம ஆளு என்றால், காஷ்மீரத்தான் யார் ஆளு?

சபையில் ஒரு போதகர் இந்தப் படத்தைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னாராம்: நாட்டுக்காக உயிரைக் கொடுப்பதும் சிலுவைத் தியாகமும் ஒன்றே என்று. கேட்டவர்கள் ஆமென் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது சரியென்று படவில்லை. சிலுவையில் தொங்கியவர் ஒரு பேரரசின் பட்டாளத்தான் கையால் செத்தவர். ஆணியடித்தது சிப்பாய்கள். ‘யூதருடைய ராஜா’ என்று எழுதி ஒட்டித்தான் கொன்றார்கள். அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் 1980-களில் தலித் இறையியல் என்று பேசத் தொடங்கியபோது சுட்டிக்காட்டியதும் இந்த அடிபட்ட தேவனைத்தான். கதையில் ரெபேக்கா சுமக்கிற துக்கம் உண்மை. அதை எடுத்துக் கொடிக்கம்பத்தில் கட்டுவது வேறே வேலை.

இந்தப் படத்தின் காதல் தொடங்குகிற இடம் தாம்பரம் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1937-இல் தாம்பரம் காட்டுக்கு இடம் மாறியது. மரங்கள், மான்கள், கலைவிழா எல்லாம் அழகுதான். அதே ஸ்காட்லாந்து மிஷன் இன்னொரு காரியமும் செய்தது. தாம்பரத்தில் ரயிலேறி மறைமலைநகர் தாண்டினால் சிங்கப்பெருமாள்கோயில். அதற்குப் பக்கத்தில் மெல்ரோசாபுரம். 1890-களில் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ என்கிற ஸ்காட்லாந்து பாதிரி, பண்ணையாளாகக் கிடந்த நம் மக்களுக்குச் சொந்தக் காணி வேண்டுமென்று உண்டாக்கிய குடியேற்றம். அதே காலத்தில்தான் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் நம் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு. பிறருக்கு விற்கக்கூடாத அந்த நிலம் எப்படிப் பிறர் கைக்குப் போனது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆக, மிஷன் ரெண்டு இடத்தில் விதைத்தது. சினிமாவுக்குத் தெரிந்தது கல்லூரி வாசல். மெல்ரோசாபுரம் மாதிரி ஊர்களில் ஒரு காதல் காட்சி எடுக்க இதுவரை எவருக்கும் தோன்றவில்லை.

உத்தரப்பிரதேசத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2016 ஜூன் 25 அன்று காஷ்மீரின் பாம்போரில் நடந்த தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் வீர் சிங் இறந்தார். பிரோசாபாத் மாவட்டத்தில் அவர் ஊருக்கு உடல் வந்தபோது, பொது நிலத்தில் தகனம் செய்ய ஆதிக்க சாதியினர் இடம் தரமாட்டோம் என்றார்கள். அவர் நட் சாதி. அதிகாரிகள் போய் மன்றாடிய பிறகுதான் கொஞ்சம் இடம் கிடைத்தது. அவரும் அதே காஷ்மீரில், அதே எதிரியின் குண்டில்தான் செத்தார். அவர் அடையாளத்தை மறைக்கவேண்டுமா காட்டவேண்டுமா என்று யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. ஊரே காட்டிக்கொடுத்துவிட்டது.

‘அமரன்’ என்றால் சாகாதவன். அந்தச் சொல்லை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் இந்த வாக்குவாதம் முழுவதிலும் ஒளிந்திருக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். மாமல்லபுரம் பக்கம் காரணை என்றொரு ஊர். அங்கே பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலையை அகற்றினார்கள். நியாயம் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் செத்தார்கள். ஒன்று கிறிஸ்தவப் பெயர், ஒன்று இந்துப் பெயர். சுட்டவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. சட்டத்துக்கு மட்டும் தெரியும்: 1950-ஆம் வருஷ ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவன் பட்டியல் சாதியில் இல்லை. சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1985-இல் தோற்றார்.

படம் வந்த 2024 அக்டோபரில்தான் காரணைக்கு 30 வருஷம் முடிந்தது. மூன்று வாரம் முன்னேபின்னே. தொழிற்பேட்டைத் தம்பியிடம் ஜான் தாமஸ், ஏழுமலை பெயரைச் சொன்னேன். எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டான். நிலத்துக்காகச் செத்தவங்க என்றேன். “எங்க, பார்டர்லயா?” என்றான். இல்லடா, செங்கல்பட்டுல என்றதும், “இதுக்குப் படம் இருக்குதாண்ணா?” என்று போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.