வெற்றிடமும் வேற்றுமையுருபும்

கணினி நிரல் இயங்கும்வேளை, முன்னரே எழுதப்பெற்ற தொடரின் வெற்றிடத்திற் பெயரோ எண்ணோ வந்து நிரம்பும். சி மொழியின் நியம ‘பிரின்ற்எஃப்’ அவற்றை வரிசைப்படியே நிரப்புவது. ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவோர் அதனாற் சொல்லிடம் மாற்ற இயலாது இடர்ப்படுவர். பைதன் மொழியில் 2008இல் வந்த ‘ஃபோர்மற்’ முறையில் வெற்றிடங்களுக்கு எண்ணோ பெயரோ இடலாமாகலின் அவ்விடர் இல்லை.

ஆயினும் உருபின் இடர் எஞ்சிற்று. வெற்றிடத்தின்பின் ‘உக்கு’ என எழுதிவைப்பின், ‘கண்ணன்உக்கு’, ‘மரம்உக்கு’ என்றே அச்சாகும். நிரல் எழுத்துக்களை ஒட்டுமேயன்றிப் புணர்ச்சியும் சாரியையும் அறியாது. இதனைத் தமிழின் குறையென்பார் கூற்றுப் பொருந்தாது. பெயர் திரியாதென நம்பி அமைத்த வார்ப்பே குறையுடையது. ‘கண்ணனுக்கு’, ‘மரத்துக்கு’ என உருபேற்ற வடிவத்தை முன்னரே ஆக்கி வெற்றிடத்தில் இடுதல் வேண்டும். அஃது இயலாதவிடத்துப் ‘பெறுநர்: கண்ணன்’ எனப் பெயர் உருபேலாது நிற்குமாறு தொடரை அமைத்தல் தகும்.